முழுத்தானியமும் சிறுநீரகமும்: ஒரே வீட்டில் இரண்டு தட்டு



செகிஞ்சானுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டும் தூரம் வயல்தான். பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வழியே கொண்டு வந்து, 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் இந்தச் சதுப்பு நிலத்தை நெல் பூமியாக்கியது. இன்று ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. வயலைத் தாண்டிப் போனால் மீனவர் கிராமம். உள்ளே தள்ளிப் போனால் செம்பனைத் தோட்டங்கள். கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை நம் மக்கள் வாழ்ந்த, வாழும் தோட்டங்கள் அவை.

இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்குப் பத்து வருடமாக இனிப்புநீர். சிறுநீரில் இலேசாகப் புரதம் போக ஆரம்பித்திருக்கிறது. அப்பாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். மகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வார இறுதியில் வரும்போது ஒரு பை பழுப்பரிசி வாங்கி வருகிறார். உடனே பெரியம்மாவிடமிருந்து போன்: "ஏம்மா, கிட்னிக்காரங்களுக்குப் பழுப்பரிசி ஆகாதாமே? தூக்கிப் போட்டுடு!" அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரர்: "இனிப்புநீருக்கு வெள்ளைச் சோறு விஷம். பழுப்பரிசிதான் சாப்பிடணும்."

யார் சொல்வது சரி? இரண்டு பேரும் பாதி சரி. பெரியம்மா சொன்னது அப்பாவின் தட்டுக்கு ஓரளவு பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அம்மாவின் தட்டுக்குப் பொருந்தும். அரிசி ஒன்றுதான், சாப்பிடுகிற சிறுநீரகம் வேறு. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்: முழுத்தானியம் நல்லதா கெட்டதா என்று அரிசிப் பையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முழுத்தானியம் என்றால் என்ன?

நெல்லின் உமியை மட்டும் நீக்கினால் கிடைப்பது பழுப்பரிசி. கடையில் 'பெராஸ் பேராங்' என்று போட்டிருக்கும். நம் பாட்டிமார் கைக்குத்தல் அரிசி என்றார்கள். அதில் மூன்று பகுதிகள் உண்டு. வெளியே தவிடு: நார்ச்சத்து, பி வைட்டமின்கள், மக்னீசியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் இங்கேதான். ஓர் ஓரத்தில் முளை. நடுவில் பெரும்பகுதி மாவு. ஆலையில் தீட்டும்போது தவிடும் முளையும் போய்விடும். மிஞ்சுவது வெள்ளை அரிசி, அதாவது மாவுப் பகுதி மட்டும். ஆட்டா மாவு, கேழ்வரகு, ஓட்ஸ், தவிடு நீக்காத கோதுமை ரவை ஆகியவையும் முழுத்தானியங்கள்தான். மைதாவும் மீகூனும் அப்படியல்ல.

தவிட்டின் அருமை இந்த மண்ணிலேயே நிரூபிக்கப்பட்ட கதை

மாணவர்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். அறிவியல் ஆய்வு எப்படி நடத்துவது என்பதற்கு நம் சிலாங்கூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்துப் போகும், வீங்கும், கடைசியில் இதயம் நிற்கும். ஆனால் ஒரு விஷயம் மருத்துவர்களை யோசிக்க வைத்தது. தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு நோய் அதிகமாக வந்தது. தோட்டத்துத் தமிழர்களுக்கு அரிதாகவே வந்தது. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன், நோய்க்கும் வெள்ளை அரிசிக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார்.

1905-ஆம் ஆண்டு இறுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிற்க வைத்து எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவில் வேறுபாடு இல்லை. வெள்ளை அரிசிக் குழுவில் பலருக்குப் பெரிபெரி வந்து, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிக் குழுவில் ஒருவர்கூட அந்த நோயால் இறக்கவில்லை. தங்கியிருந்த இடம் காரணமாக இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, குழுக்களின் இடத்தையும் மாற்றிப் பார்த்தார். பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் சாலைத் தொழிலாளர்களிடையே ஆய்வு நடத்தி, தீட்டும்போது போகும் தவிட்டில்தான் விஷயம் இருக்கிறது என்பதை 1909-இல் உறுதிப்படுத்தினார்கள். அந்தப் பொருள்தான் பின்னாளில் பி1 வைட்டமின், தயாமின் என்று பெயர் பெற்றது.

புழுங்கல் அரிசி எப்படிக் காப்பாற்றியது? நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது, தவிட்டில் இருக்கும் பி1-இல் ஒரு பகுதி உள்ளே இறங்கி மாவுப் பகுதியில் தங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. இந்தப் புழுங்கல் அரிசியை மறந்துவிடாதீர்கள். அப்பாவின் தட்டுக்கு வரும்போது மறுபடியும் தேவைப்படும்.

சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெப்ரான்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. தேவையானதையெல்லாம் மீண்டும் உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. யூரியா, அதிகப்படியான உப்பு, பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் இந்த வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேறுகின்றன.

நெப்ரான்கள் குறையக் குறைய இந்த வேலை தடைபடும். பொட்டாசியம் இரத்தத்தில் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிருக்கே ஆபத்து. பாஸ்பரஸ் தேங்கினால் தோல் அரிக்கும், எலும்பு பலவீனமாகும், இரத்தக் குழாய்கள் கெட்டிப்படும். பெரியம்மாவின் பயத்துக்கு அடிப்படை இதுதான். தவிட்டில் இந்த இரண்டும் இருக்கின்றன அல்லவா?

எண்களைப் பார்ப்போம்

பயத்தை அளந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரியும். வேகவைக்காத 100 கிராம் தானியத்தில் ஏறக்குறைய இவ்வளவு இருக்கும். (மண்ணுக்கும் ரகத்துக்கும் ஏற்ப மாறும்.)

வெள்ளைப் பச்சரிசி: பொட்டாசியம் 110 மி.கி., பாஸ்பரஸ் 100 மி.கி.
பழுப்பரிசி: பொட்டாசியம் 200 முதல் 250 மி.கி., பாஸ்பரஸ் 300 மி.கி.
ஆட்டா மாவு: இரண்டும் 300 மி.கி.-க்கு மேல்
ஓட்ஸ்: பொட்டாசியம் 350 மி.கி.-க்கு மேல், பாஸ்பரஸ் 400 மி.கி.-க்கு மேல்
கேழ்வரகு: பொட்டாசியம் 400 மி.கி.-க்கு மேல், பாஸ்பரஸ் 200 முதல் 280 மி.கி.; கால்சியம் 340 மி.கி.-க்கு மேல்

புழுங்கல் அரிசி வெள்ளைக்கும் பழுப்புக்கும் இடையில் நிற்கும்.

இப்போது பொட்டாசியத்தைக் கணக்குப் போடுங்கள். வெள்ளையிலிருந்து பழுப்புக்கு மாறினால், 100 கிராம் அரிசிக்கு 90 முதல் 140 மி.கி. பொட்டாசியம் கூடுகிறது. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 400 மி.கி.-க்கு மேல் இருக்கிறது. ஒரு கிளாஸ் இளநீரில் அதைவிடவும் அதிகம். பழுப்பரிசிக்குப் பயந்துவிட்டு, வெயிலுக்கு இதமாக இளநீர் குடிப்பவரைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள்?

பாஸ்பரஸில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தானியத்தில் இருக்கும் பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்ற பொருளோடு கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் பைட்டேஸ் என்ற நொதி மனிதக் குடலில் மிகக் குறைவு. அதனால் தானியத்தில் உள்ள பாஸ்பரஸில் பாதிக்கும் குறைவாகவே பொதுவாக உடம்பில் சேரும். பாக்கெட்டில் 300 என்று இருந்தால் இரத்தத்துக்குள் 300-ம் போவதில்லை. மாவைப் புளிக்க வைத்தாலோ தானியத்தை முளைகட்டினாலோ இந்தக் கட்டு ஓரளவு அவிழும். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் உண்மையான வில்லன் யார்?

பதப்படுத்திய உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள்தான். அவை எதோடும் கட்டுண்டு இல்லை. ஏறக்குறைய முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடும். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 338 முதல் 343 வரை, 450 முதல் 452 வரை எண்கள் இருந்தால் அது பாஸ்பேட். மீன் உருண்டை, சாசேஜ், நகெட், உடனடி மீ, கிரீமர் கலந்த பாக்கெட் பானங்கள் ஆகியவற்றில் இவற்றைப் பார்க்கலாம். 'தானியச் சத்து பானம்' என்று முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். பின்பக்கம் சீனியும் கிரீமரும் 340-ம் இருக்கும். அதை முழுத்தானியம் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு வாங்கிப் போகிறோம். நல்ல மனசுதான்; ஆனால் தவறான பொருள்.

இரண்டாவது வில்லன் உப்பு. கரையோர ஊர்க்காரர்களுக்குக் கருவாடும் நெத்திலியும் பிளாச்சானும் இல்லாமல் சோறு இறங்காது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, போதும் என்பதே பொதுவான அறிவுரை. பழுப்பரிசிச் சோறு போட்டு, அதன்மேல் கிச்சாப் ஊற்றி, பக்கத்தில் கருவாடு வைத்தால் சிறுநீரகத்துக்கு என்ன லாபம்? இன்னொன்று: 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

அம்மாவின் தட்டு

நம் நாட்டில் புதிதாக டயாலிசிசுக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூலகாரணம் இனிப்புநீர்தான். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே மிக அதிகம். நாள்பட்ட சிறுநீரக நோய் 2011-இல் 9 விழுக்காடாக இருந்து, 2018-இல் 15 விழுக்காட்டைத் தாண்டியது. ஆக, அம்மாவின் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முதலில் காக்க வேண்டியது இனிப்பின் அளவையும் இரத்த அழுத்தத்தையும்.

அதற்கு முழுத்தானியம் உதவும். நார்ச்சத்து மாவுச்சத்தின் செரிமானத்தை மெதுவாக்குவதால் இனிப்பு சட்டென்று ஏறாது. மலச்சிக்கலும் குறையும். ஆரம்பக் கட்டத்தில், இரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சரியான அளவில் இருக்கும்போது, இவற்றுக்காகத் தானியத்தைக் குறைக்க வேண்டிய தேவை இல்லை.

ஆனால் ஒன்று. பழுப்பரிசி என்பதற்காக மலை மாதிரிக் குவித்தால் அதுவும் இனிப்பை ஏற்றும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு-சுக்கு-செப்பாரோ' முறையை நினைவில் வையுங்கள்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். திடீரென்று முழுதாக மாறினால் வயிறு உப்பும். முதல் இரண்டு வாரம் மூன்று பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு பழுப்பு என்று கலந்து ஆரம்பிக்கலாம். பழுப்பரிசியை அரை மணி நேரமாவது ஊறவைத்தால் மென்மையாக வேகும். இரத்தத்தில் சிறுநீரக வடிகட்டும் திறன் எவ்வளவு, சிறுநீரில் புரதம் எவ்வளவு என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது கிளினிக் கெசிஹாத்தானில் பார்த்துக்கொள்ள வேண்டும். வடிகட்டும் திறன் மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் செயலிழப்பு.

அப்பாவின் தட்டு

அப்பாவின் நிலை வேறு. வாரம் மூன்று தடவை, தடவைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் இயந்திரம் வேலை செய்கிறது. மற்ற நேரமெல்லாம் சாப்பிட்டது உடம்பிலேயே தேங்கும். அவருக்கு உணவியல் நிபுணர் கொடுத்த அளவுதான் சட்டம். அந்த அளவுக்குள் சில வழிகள் உண்டு.

முதலாவது, அன்றாடத்துக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளையைவிட பி1 அதிகம். பழுப்பைவிடப் பாஸ்பரஸ் குறைவு. தாத்தா பாட்டி சாப்பிட்ட அரிசிதான். டயாலிசிசில் பி வைட்டமின்களும் கொஞ்சம் வெளியேறுவதால் இது நல்ல நடுவழி.

இரண்டாவது, வடித்த சோறு. ரைஸ் குக்கர் வருவதற்கு முன் எல்லார் வீட்டிலும் நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்து வடித்தார்கள். அப்படிச் செய்யும்போது பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். பி வைட்டமினும் கொஞ்சம் போகும். அதனால்தான் வடிப்பதற்குப் புழுங்கல் அரிசி பொருத்தம். வடித்த கஞ்சியை மட்டும் அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். போன பொட்டாசியம் அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, கூழும் கஞ்சியும் தண்ணீர்க் கணக்கில் சேரும். திருவிழாக் காலத்தில் ஒரு பெரிய குவளை கேழ்வரகுக் கூழ் குடித்தால், அது அவருடைய அன்றைய நீர் அளவில் பெரும்பங்கு. பொட்டாசியமும் கூடவே வரும். ஆசைக்கு இரண்டு வாய் போதும்.

நான்காவது, பழுப்பரிசியோ ஆட்டா ரொட்டியோ அடியோடு விலக்கு அல்ல. மாதப் பரிசோதனையில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கட்டுக்குள் இருந்தால், நிபுணரிடம் கேட்டுவிட்டுச் சிறிதளவு சேர்க்கலாம். பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் மாத்திரை கொடுத்திருந்தால் அதைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து விழுங்கினால் பயன் இல்லை.

ஐந்தாவது, புரதத்தைக் குறைக்காதீர்கள். டயாலிசிஸ் செய்யாத சிறுநீரக நோயாளிக்கு அளவான புரதம். டயாலிசிஸ் தொடங்கியவருக்குக் கூடுதல் புரதம் தேவை. 'கிட்னிக்காரர்' என்று பொதுவாகச் சொல்லி மீனையும் முட்டையையும் பறித்துக்கொள்பவர்கள் அவரை மெலிய வைக்கிறார்கள். தோட்டத்தில் விளைகிறதே என்று பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம், கொடுக்கவே கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு.

பார்த்தீர்களா? ஒரே வீடு, இரண்டு தட்டு. அம்மா சாப்பிடும் பழுப்பரிசியை அப்பாவுக்குப் போடாமல் விடுவதும் அன்புதான். அப்பாவுக்கு ஆகாது என்று அம்மாவின் தட்டிலிருந்து எடுத்துவிடுவது மட்டும் அறியாமை. அப்படி எடுத்துவிட்டால் இன்னும் சில வருடத்தில் அதே வீட்டில் இரண்டாவது டயாலிசிஸ் நாற்காலி தேவைப்படலாம்.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

படிவம் 4 உயிரியலில் சிறுநீர் மண்டலமும் உடற்சமநிலையும் படிக்கும் மாணவர்கள், படிவம் 2 அறிவியலில் ஊட்டச்சத்து படிப்பவர்கள், இந்தக் கேள்விகளை எழுதிப் பாருங்கள்.

1. பிளெட்சரின் ஆய்வில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றைக் குறிப்பிடுக.
வழிகாட்டி: அரிசியின் வகை, பெரிபெரி வந்தவர்களின் எண்ணிக்கை, மற்ற உணவு. குழுக்களின் இடத்தை மாற்றியது ஏன் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

2. பழுப்பரிசியில் பாஸ்பரஸ் அதிகம் இருந்தும், உடலில் சேரும் அளவு குறைவு. ஏன்?
வழிகாட்டி: பைட்டேட், மனிதக் குடலில் பைட்டேஸ் நொதி குறைவு.

3. இனிப்புநீர் உள்ள, சிறுநீரகம் ஆரம்பக் கட்டத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்கும், டயாலிசிஸ் செய்யும் ஒருவருக்கும் ஒரே உணவுத் திட்டம் பொருந்துமா? காரணங்களுடன் விளக்குக.
வழிகாட்டி: 'பொருந்தாது' என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். பொட்டாசியம், பாஸ்பரஸ், நீர், புரதம் நான்கையும் ஒப்பிடுங்கள்.

ஆசிரியர்கள் ஒரு வேலை கொடுக்கலாம். மாணவர்கள் வீட்டிலிருக்கும் ஐந்து உணவுப் பாக்கெட்டுகளின் லேபிளைப் பார்த்து, மேலே சொன்ன எண்கள் எதில் இருக்கின்றன என்று அட்டவணை போட்டு வரட்டும். அந்த அட்டவணையைப் பாட்டியிடம் காட்டி விளக்கச் சொல்லுங்கள். தேர்வில் வரும் மதிப்பெண்ணைவிட அந்த விளக்கம் பெரியது.

அடுத்த முறை பெரியம்மா போன் செய்தால், அந்த மகள் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "பெரியம்மா, அரிசியைத் தூக்கிப் போடலை. அம்மாவுக்குப் பழுப்பு, அப்பாவுக்கு வடிச்ச புழுங்கல். போன மாச ரிப்போர்ட்டைப் பார்த்துதான் சமைக்கிறோம். நீங்க எப்ப கடைசியா டெஸ்ட் எடுத்தீங்க?"